விட்டார்கள் என்றால், எதுவரை விட்டார்கள்?



பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிக்காத பெண்களுக்கும் சில இங்கிலிஷ் சொற்கள் நன்றாகத் தெரியும். பெயில், வொறண்ட், ரிலீஸ், டிஸ்சார்ஜ், பாஸ், குயிட் நோட்டீஸ். இவற்றை எமக்கு எந்த ஆசிரியரும் கற்றுத் தரவில்லை. பொலிஸ் நிலைய வாசலிலும், நீதிமன்ற வளவின் மரத்தடியிலும், முகாமின் முட்கம்பி வேலியோரத்திலும், தோட்டத்துக் கந்தோர் ஜன்னலடியிலும் காத்து நின்ற நேரங்களில் அவை தாமாகவே காதில் ஏறிக்கொண்டன. எண்ணிப் பார்த்தால், இவையெல்லாம் ஒன்றில் ஆளைப் பிடிப்பதற்கான சொற்கள், அல்லது ஆளை விடுவதற்கான சொற்கள்.

நான் இருப்பது மாத்தளை மாவட்டத்து யட்டவத்தையில். 1983இற்குப் பிறகு எங்கள் குடும்பம் இந்தப் பக்கத்திலிருந்து வன்னிக்குப் போனது. 2010இல் நான் திரும்பி வந்தேன். ஓரளவு இங்கிலிஷ் வாசிப்பேன் என்பதால் அயலிலுள்ள பெண்கள் தங்கள் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். “இதில விட்டுட்டதா போட்டிருக்கா, பாருங்க அக்கா” என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடிவதில்லை. இங்கிலிஷில் ‘விடுவதற்கு’ ஏகப்பட்ட சொற்கள் உண்டு. ஆட்டைக் கயிற்றில் கட்டி மேயவிடுவதும் விடுவதுதான், கயிற்றை அவிழ்த்து விடுவதும் விடுவதுதான். எந்தச் சொல்லில் கயிறு இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியாமல் கையெழுத்து வைத்தால் கஷ்டப்படுவது நாங்கள். ஆகவே இந்த மாதம் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் எங்கள் சொல்லைப் பார்ப்போம். ‘விடு’ என்ற சிறு சொல்லிலிருந்துதான் விடுதலை வந்தது. விடுமுறை, விடுதி, விடைபெறுதல் எல்லாம் அதன் பிள்ளைகள். கைவிடுதலும் அதே வயிற்றில் பிறந்ததுதான். “பொலிஸ்காரர் விட்டுட்டாங்க” என்று ஒரு தாய் சிரித்துக்கொண்டு சொல்கிறாள். “அவர் விட்டுட்டுப் போயிட்டாரு” என்று இன்னொருத்தி அழுதுகொண்டு சொல்கிறாள். இரண்டும் ஒரே வினை. விடுவதில் இரண்டு பக்கம் இருக்கிறது என்பது தமிழ் பேசும் பெண்ணுக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இங்கிலிஷிலும் அப்படித்தான். ‘லெட் கோ’ என்றால் பிடித்த கையை எடுத்துவிடுவது. சிறையிலிருந்து ஒருவரை ‘லெட் கோ’ செய்தால் வீட்டில் பாற்சோறு. வேலையிலிருந்து ‘லெட் கோ’ செய்தால் அடுப்பில் பூனை. வேலை நீக்கம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, கம்பனிக்காரர்கள் இந்த மிருதுவான சொல்லைப் பாவிக்கிறார்கள்.

இனி, பெயில். நீதிமன்றத்தில் அதிகமாகக் கேட்பதும், அதிகமாகப் பிழையாக விளங்குவதும் இதுதான். பழைய பிரெஞ்சு மொழியில் ‘ஒருவர் கையில் ஒப்படைத்தல்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து இது வந்தது. ஆளை விட்டுவிட்டார்கள் என்பதைவிட, ஆளை உங்கள் கையில் தந்திருக்கிறார்கள், கேட்கும்போது திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதே அதன் பொருள். எங்கள் தமிழ்ச் சொல் இன்னும் நேர்மையானது. ‘பிணை’ என்றால் கட்டு. இரண்டு மாட்டை ஒரு நுகத்தில் பிணைப்பது போல, வழக்குக்குரியவரையும் பிணை நிற்பவரையும் சேர்த்துக் கட்டுவது.

எங்கள் பக்கத்தில் ஒரு தாய். மகனைப் பிடித்து இரண்டு மாதத்தின் பின் பெயில் கொடுத்தார்கள். நீதிமன்றத்தில் நின்ற யாரோ, “ரிலீஸ் பண்ணிட்டாங்கம்மா, கூட்டிட்டுப் போங்க” என்றார். அவள் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். மகன் தம்புள்ளைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். அடுத்த தவணைத் திகதி ஒரு கடதாசியில் இருந்தது. அந்தக் கடதாசி சுவாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. தவணை தப்பியது, வொறண்ட் வந்தது, பிணை நின்ற மாமன் நீதிமன்றத்துக்கு அலைந்தார். மகன் திரும்பவும் உள்ளே போனான். அவன் வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை. ‘பெயில்’ என்பதை ‘முடிந்தது’ என்று அந்த வீட்டில் விளங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்தத் தாய்க்கு யாராவது தமிழில் நான்கு வசனம் சொல்லியிருந்தால் போதும்.

1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று சொல்கிறது. ஆனால் எங்கள் வாசகியரில் பலருக்குத் தெரிந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு இந்த விதி பொருந்தாது. தற்காலிகமாக என்று 1979இல் கொண்டுவந்த அந்தச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. தடுப்புக் கட்டளையின் கீழ் ஒருவரை 18 மாதம் வரை வைத்திருக்க அது இடம் கொடுத்தது. 2022இல் திருத்தியபோது அந்தக் காலம் 12 மாதமாகக் குறைந்தது. ஆகவே, “எந்தச் சட்டத்தின் கீழ் பிடித்திருக்கிறீர்கள்?” என்பதுதான் முதற் கேள்வி. அதைப் பொறுத்தே கயிற்றின் நீளம் தெரியவரும்.

அடுத்த சோடி, டிஸ்சார்ஜும் அக்விட்டும். பத்திரிகைகள் இரண்டுக்குமே ‘விடுதலை’ என்று எழுதிவிடுகின்றன. அக்விட் என்றால் குற்றவாளி அல்ல என்று தீர்த்து அனுப்புவது. பொதுவாக அதே குற்றச்சாட்டுக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. டிஸ்சார்ஜ் என்றால் இப்போதைக்கு வழக்கிலிருந்து எடுத்துவிடுவது. மறுபடி கூப்பிட இடமிருக்கலாம். எது என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டு, அந்தச் சொல்லையே எழுதி வாங்குங்கள். அக்விட் என்ற சொல்லின் வேர் லத்தீனில் ‘அமைதி, ஓய்வு’ என்ற சொல். இங்கிலிஷில் அமைதியைக் குறிக்கும் ‘குவாயட்’ அதே வேரில் பிறந்தது. தோட்டத்தில் லயக் காம்பராவை விட்டு வெளியேறச் சொல்லி வரும் குயிட் நோட்டீஸின் ‘குயிட்’டும் அதே வேர்தான். ஒரே வேரில் பிறந்த மூன்றில் ஒன்று மனதுக்கு நிம்மதி தருகிறது, ஒன்று வீட்டைப் பிடுங்குகிறது.

பரோல் என்ற சொல்லையும் சினிமாவில் கேட்டிருப்பீர்கள். பிரெஞ்சில் அதற்கு ‘வாக்கு’ என்று பொருள். பழைய காலப் போர்களில் பிடிபட்ட வீரன், “இனி உங்களுக்கு எதிராக ஆயுதம் எடுக்க மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தால் விடுவார்கள். 2009 மே மாதத்தின் பின் எங்கள் நாட்டில் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டுக் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். கையில் ஒரு சான்றிதழோடு வந்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள் என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! வேலை தர யோசித்தவர்களும், பெண் பார்க்க வந்து அந்தச் சான்றிதழைக் கேள்விப்பட்டுத் திரும்பியவர்களும் உண்டு. நிலையம் விட்டது, ஊர் விடவில்லை. வாக்குக் கொடுத்தவள் வாக்கைக் காப்பாற்றிய பிறகும் கயிறு ஊரின் கையில் இருந்தது. அந்தக் கயிற்றை விடுவதற்கு நீதிமன்றக் கட்டளை தேவையில்லை. அது எங்கள் கையில் இருக்கிறது, சகோதரிகளே.

இங்கிலிஷ்காரரின் பேச்சு வழக்கில் விடுதலைக்கு இன்னும் வேடிக்கையான சொற்கள் உண்டு. ‘ஓஃப் த ஹூக்’ என்பார்கள், தூண்டில் முள்ளிலிருந்து கழன்றுவிட்டான் என்று. ஒரு சங்கடத்திலிருந்து தப்பியவருக்குச் சொல்வது. மீன் தப்பியது சந்தோஷம்தான். ஆனால் முள் ஏறிய வாயில் காயம் இருக்கும். அதைப் பற்றி அந்தச் சொல் பேசுவதில்லை. சிறையிலிருந்து ஒருவரைத் தந்திரமாக வெளியே எடுப்பதை ‘ஸ்பிரிங்’ என்பார்கள், கம்பிச் சுருள் துள்ளுவது போல. ‘கட் லூஸ்’ என்றால் கட்டை அறுத்து விடுவது. தோணியை அறுத்து விட்டாலும் அதே சொல்தான். கரை சேர்கிறதா, கடலில் போகிறதா என்பது தோணியின் பாடு.

‘ஸ்கொட் ஃபிரீ’ என்று ஒன்று. தண்டனையே இல்லாமல் தப்புவது. ஸ்கொட் என்றதும் ஸ்கொட்லாந்து துரைமார் ஞாபகம் வரும். இந்த மலைகளில் கோப்பித் தோட்டம் போட்ட துரைமாரில் பலர் அந்த நாட்டவர்கள்தான். ஆனால் சொல்லுக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. பழைய இங்கிலிஷில் ‘ஸ்கொட்’ என்றால் கட்ட வேண்டிய வரி, பங்குப் பணம். கட்டாமல் தப்பியவன் ஸ்கொட் ஃபிரீ. ‘கிளீன் ஸ்லேட்’ என்பதும் கடன் கணக்கில் வந்ததே. சாராயக் கடையில் கடனைக் கற்பலகையில் எழுதி வைப்பார்கள். கட்டி முடித்தால் பலகையைத் துடைப்பார்கள். துடைத்த பலகை என்றால் புது வாழ்வு. பாருங்கள், இங்கிலிஷில் விடுதலையைச் சொல்லும் சொற்களில் எத்தனை, கடன் கணக்கிலிருந்து வந்திருக்கின்றன!

இது எங்கள் மூதாதையருக்கு நன்றாகத் தெரிந்த கதை. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் வந்திறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்கள் மலை ஏறும் முன்பே கடன்காரர்கள். பயணச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கங்காணி கணக்கில் ஏறியிருக்கும். தோட்டத்தை விட்டுச் சொல்லாமல் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறை. அப்படியென்றால் ஒருவர் எப்படி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவது? அதற்குத்தான் ‘துண்டு’ இருந்தது.

துரை ஒரு சிறு கடதாசியில் எழுதிக் கொடுப்பார்: இந்தக் கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், இவ்வளவு ரூபாவைக் கட்டினால் இவர்களை விடுவிக்கச் சம்மதம். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் தேவைப்பட்ட துரை பணத்தைக் கட்டுவார். ஆட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கே போவார்கள். கட்டிய பணம் திரும்பவும் அவர்கள் கடனாகப் புதுத் தோட்டத்துக் கணக்கில் ஏறும். பழைய தோட்டம் விட்டது, புதுத் தோட்டம் பிடித்தது. நடுவில் ஒரு துண்டுக் கடதாசி. இந்தத் தமிழ்ச் சொல்லைத் துரைமார் அப்படியே எடுத்துத் தங்கள் அறிக்கைகளிலும் சட்டங்களிலும் ‘துண்டு’ என்றே எழுதினார்கள். எத்தனையோ இங்கிலிஷ் சொல்லை நாங்கள் வாங்கினோம், நாங்கள் கொடுத்த சொற்களில் இது ஒன்று. 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

பிறகு ‘பத்துச்சீட்டு’ வந்தது. வேலையிலிருந்து நிறுத்தி, தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லும் சீட்டு. வயதானவர்களிடம் கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லும்போதே முகம் மாறும். இங்கிலிஷில் அதன் பெயரும் டிஸ்சார்ஜ்தான். ஆஸ்பத்திரியில் குணமாகி வீட்டுக்கு அனுப்புவதற்கும் இன்று வரை நாங்கள் ‘துண்டு வெட்டியாச்சு’, ‘டிக்கட் வெட்டியாச்சு’ என்றுதான் சொல்கிறோம். ஒரே டிஸ்சார்ஜ், ஆஸ்பத்திரியில் நல்ல செய்தி, தோட்டத்தில் இடி. யார் யாரை எங்கே அனுப்புகிறார்கள் என்று பார்த்தால்தான் சொல்லின் நிறம் தெரியும்.

விடுதலைக்கு விலை வைத்த இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். இலங்கையில் அடிமை முறை 1844இல்தான் சட்டப்படி முற்றாக ஒழிந்தது. அதற்கு முன், 1821இல், யாழ்ப்பாணப் பக்கத்தில் அடிமைகளாக நடத்தப்பட்ட மக்களின் பெண் குழந்தைகளை, பிறந்தவுடனேயே எசமானுக்குப் பணம் கொடுத்து அரசாங்கம் விடுவிக்கும் ஏற்பாடு வந்தது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது அந்தக் கால வழக்கு. பெண் குழந்தையை விடுவித்தால் அவள் வயிற்றில் பிறப்பவர்களும் தாமாகவே விடுபடுவார்கள் என்பது அரசாங்கத்தின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் பெற்றவள் நிலையை யோசித்துப் பாருங்கள். கைப்பிள்ளை சுதந்திரப் பிறவி, பால் கொடுக்கும் தாய் அடிமை. பிள்ளையின் கயிறு அவிழ்ந்தது. தாயின் கயிற்றை அவிழ்க்க இன்னும் 23 வருடம் போயிற்று. ‘எங்கட பிள்ளைகளாவது தப்பட்டும்’ என்று இன்றைக்கும் நாங்கள் சொல்லும்போது எனக்கு அந்தத் தாய்மாரின் நினைவு வரும்.

பணம் கொடுத்து மீட்பதற்கு இங்கிலிஷில் ‘ரிடீம்’ என்பார்கள். வேதாகமத்தில் இரட்சிப்புக்கு வரும் சொல்லும் அதுதான், அடகுக் கடையில் நகை மீட்பதற்கான சொல்லும் அதுதான். வழக்குச் செலவுக்குத் தோட்டையும் தாலிக்கொடியையும் அடகு வைத்தவர்களுக்கு இரண்டு மீட்பும் ஒன்றாகத்தான் தெரியும். நுண்கடன் வாங்கிக் கலங்கியவர்களுக்கு ‘ரைட் ஓஃப்’ என்ற சொல்லும் பழக்கம். 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்து நிலுவையாகக் கிடந்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை ரத்துச் செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. கடனை ரைட் ஓஃப் செய்தால் பெண்ணுக்கு மூச்சு வரும். மனிதரை ரைட் ஓஃப் செய்தான் என்று இங்கிலிஷ்காரன் சொன்னால், இனி இவர் எதற்கும் உதவார் என்று கணக்கிலிருந்து அடித்துவிட்டான் என்று பொருள். எனவே கடன் ரத்தானது என்று வாயால் சொன்னால் போதாது. உங்கள் பெயரும் கணக்கு இலக்கமும் போட்டு, பாக்கி இல்லை என்று எழுதிய கடிதம் ஒன்று வேண்டும். கிழமைக்கு ஒருமுறை வாசலுக்கு வந்த ஆள் மறுபடி வந்தால் நீட்டிக் காட்ட அது உதவும்.

காணிக்கும் இப்போது இந்தச் சொல்தான். ‘காணி விடுவிப்பு’ என்று செய்தியில் கேட்கிறோம். 2009இல் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முகாம்களில் அடைபட்டார்கள். பெரும்பாலானோர் வவுனியா மெனிக் பாமில். அந்த வருடம் டிசெம்பர் மாதத் தொடக்கத்தில் வெளியே போய்வர ‘பாஸ்’ கொடுத்தார்கள். நாங்கள் அதை விடுதலை போலக் கொண்டாடினோம். போய், சொன்ன நாளில் திரும்பி வர வேண்டும். அது நீளக் கயிறு. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறியவர்கள் முல்லைத்தீவு கேப்பாப்புலவு மக்கள். முகாம் அவர்களை விட்டது. ஆனால் அவர்கள் காணியை இராணுவம் விடவில்லை. சொந்த ஊருக்குப் பதிலாகச் சீனியாமோட்டையில் கொண்டுபோய் இறக்கினார்கள். 2017இல் அந்த ஊர்ப் பெண்கள் பிள்ளைகளோடு படை முகாம் வாசலில் நாட்கணக்கில், மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் காணி விடுபட்டது. ஆளை விட்டு நிலத்தைப் பிடித்து வைத்தால் அந்த ஆள் எங்கே போவது என்ற கேள்வியை அவர்கள் எல்லோருக்கும் விளங்கும்படி கேட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எங்கள் மொழியின் அருமை தெரிகிறது. அறம், பொருள், இன்பம், வீடு என்று பெரியவர்கள் நான்கைச் சொன்னார்கள். அதில் வீடு என்றால் முத்தி, எல்லாக் கட்டும் விடுபட்ட நிலை. ‘விடு’ நீண்டு ‘வீடு’ ஆனது. நாம் குடியிருக்கும் வீட்டுக்கும் அதே பெயர். வேலை முடிந்து, பயணம் முடிந்து, அவிழ்த்து வைத்துவிட்டு இருக்கும் இடம் என்பதால் அப்படி வந்திருக்க வேண்டும். கேப்பாப்புலவுப் பெண்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. வீடு போய்ச் சேராத விடுதலை பாதி வழியில் நிற்கும் பஸ் மாதிரி.

இனி, எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன். எந்த விடுதலைச் சொல்லும் பொருந்தாத பெண்கள் எங்கள் வாசகியரில் இருக்கிறார்கள். பிடித்ததாக ஒத்துக்கொள்ளாதவனிடம் ‘விடு’ என்று எப்படிக் கேட்பது? அதற்கு ஒரு சட்டச் சொல் உண்டு, ‘ஹேபியஸ் கோப்பஸ்’. லத்தீனில் ‘ஆளைக் கொண்டுவந்து நிறுத்து’ என்ற கட்டளையின் தொடக்கம். தமிழில் ஆட்கொணர்வு மனு. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் மாகாண மேல் நீதிமன்றத்திலும் இதைப் போடலாம். வருடக்கணக்காக அந்த மனுவின் தவணைக்குப் போய் வந்த தாய்மாரை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர்களிடம் பயிற்சிப் பட்டறைகளில் சிலர் நல்லெண்ணத்தோடு சொல்வார்கள்: ‘லெட் கோ’, ‘மூவ் ஓன்’. மொழிபெயர்ப்பவர் தமிழில் ‘அதை விட்டுடுங்க அம்மா, வாழ்க்கையைப் பாருங்க’ என்பார். சொன்னவர் நினைப்பது, மனதிலுள்ள பாரத்தை இறக்கி வை என்று. தாயின் காதில் விழுவது, பிள்ளையைக் கைவிடு என்று. அதனால்தான் அந்தக் கூட்டங்களில் ஒரு தாய் எழுந்து வெளியே போகிறாள். அவளுக்கு ஆலோசனை விளங்கவில்லை என்று எழுதிக்கொள்கிறார்கள். அவளுக்கு நன்றாகவே விளங்கியிருக்கிறது.

யட்டவத்தையில் என் அயலில் ஒரு சிங்கள அக்கா இருக்கிறார். 1989இல் அவருடைய தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். 2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. 150இற்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் என்றார்கள். அந்த நாட்களில் அவர் சமைக்கவில்லை. இன்றுவரை அவருக்கு உறுதியான பதில் இல்லை. “எல்லாரும் அத்ஹரின்ன என்கிறார்கள்” என்றார் ஒருநாள். சிங்களத்திலும் அந்தச் சொல் ‘கையை விடு’ என்பதுதான். “என் கையில் பிடிக்க எதுவும் இல்லையே, எதை விடுவது?” என்று கேட்டார். வடக்கிலுள்ள தாய்மாரின் கேள்வியும் இதுதான் என்று நான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினார்.

காத்திருக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். நிவாரணத்துக்காகவோ காணி அலுவலுக்காகவோ, வங்கிக் கணக்குக்காகவோ மரணச் சான்றிதழ் எடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னால், வேறு வழி இருக்கிறதா என்று கேளுங்கள். 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தை 2016இல் திருத்தியதன் பிறகு, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழையும் பெறலாம். செத்துவிட்டார் என்று நீங்கள் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. அலுவல்களைப் பார்த்துக்கொள்ளலாம், பிடித்த கையையும் விடாமல் இருக்கலாம். விடுவதா, இல்லையா, எப்போது என்பது அவரவர் மனம். அதற்குத் திகதி வைக்க அரசாங்கத்துக்கும் உரிமையில்லை, பட்டறைக்கும் உரிமையில்லை.

மற்றவர்களுக்கு, யாராவது ‘விட்டாச்சு’ என்று சொன்னால் அந்த இடத்திலேயே நான்கு கேள்வி கேளுங்கள். முடிவாக விட்டதா, தவணை இருக்கிறதா? இருந்தால் எந்தத் திகதி, எந்த இடம்? யார் பொறுப்பு நிற்கிறார், எவ்வளவு பணத்துக்கு? இதையெல்லாம் தமிழில் எழுதித் தர முடியுமா? நான்காவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 1987இன் 13ஆவது திருத்தத்தின் பிறகு தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. நீதிமன்றத்தில் நடப்பது விளங்காவிட்டால் மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். கடதாசியைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள். திகதியை அரிசிப் பானைக்கு மேலே சுவரில் கரியால் எழுதிவிடுங்கள், தினமும் கண்ணில் படும்.

உங்கள் ஊரில் விடுதலைக்கு என்ன சொல் புழங்குகிறது? கந்தோரில் சொல்லும் சொல்லும், வீட்டில் சொல்லும் சொல்லும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதி அனுப்புங்கள். விளங்காத கடிதம் இருந்தால் பெயரை மறைத்துப் பிரதி ஒன்று அனுப்புங்கள். வரும் மாதங்களில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து வாசிப்போம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.